ஆக்சிஜன் ஃபில்டரில் சாம்பிராணி

ஞாயிற்றுக்கிழமை காலை மகளுக்குப் பூசணிக்காய் மசித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் அந்தப் படம் வந்தது. கெர்லிங்கில் இருக்கும் என் பள்ளித் தோழி அனுப்பியிருந்தாள். அவள் வீட்டுப் பின்புறத் துணிக்கொடி, அதில் எடுக்க மறந்த ஒரு துண்டு, அதற்கு மேலே முழுப் பால்வீதி. கீழே ஒரு வரி: "சும்மா எடுத்தது லா. துணி காயப்போட வந்தப்ப."

என் கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பாரேன், என்ன சுத்தமா இருக்கு. ஃபில்டர் ஒண்ணும் இல்லாமயா?"

"இல்லாமதான்."

"அவங்க வானம் வேறம்மா," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவங்க சமையல் வேற என்று சொன்னதுபோல எனக்குக் கேட்டது. பூசணிக்காயைத் தேவைக்கு மேல் மசித்தேன்.

நாங்கள் இருப்பது ரவாங்கில், ஒரு தாமான் குடியிருப்பின் நடு வரிசை வீட்டில். முன்னால் தெருவிளக்கு. பின்னால் தொழிற்சாலைக் கூரையின் விளக்குகள். பக்கத்து வீட்டில் கார் நிறுத்துமிடத்தில் விடிய விடிய எரியும் வெள்ளை விளக்கு. எங்கள் வானம் கறுப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. பால் கூடிப்போன தேத்தண்ணீரின் நிறத்தில் இருக்கும். நட்சத்திரங்களை எண்ணினால் இருபதோடு நின்றுவிடும்.

இந்த வானத்திலும் படம் எடுக்கலாம் என்று எனக்குக் காட்டியவை மூன்று ஃபில்டர்கள். ஒவ்வொன்றும் மகளின் பால் போத்தல் மூடி அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் நடுவில் அது உட்கார்ந்து, ஒரே நிறத்தின் மெல்லிய கீற்றை மட்டும் உள்ளே விடும். மற்ற எல்லா வெளிச்சத்தையும் வாசலிலேயே நிறுத்திவிடும். ஹைட்ரஜன் ஒளிரும் சிவப்புக்கு ஒன்று, ஆக்சிஜனின் நீலப்பச்சைக்கு ஒன்று, கந்தகத்தின் ஆழ்ந்த சிவப்புக்கு ஒன்று. வானத்தில் இருக்கும் வாயு மேகங்கள், அதாவது நெபுலாக்கள், இந்த நிறங்களில்தான் ஒளிர்கின்றன. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் மைக்கும் ஒன்றாக அலறும்போதும் என் மகளின் அழுகையை மட்டும் என் காது தனியாக எடுத்துவிடும். இந்தக் கண்ணாடிகளும் அப்படித்தான். ரவாங்கின் அத்தனை விளக்குகளுக்கும் நடுவிலிருந்து ஒரு நெபுலாவை மட்டும் எடுத்துவிடும்.

ஆனால் உள்ளே வரும் ஒளி மிகக் கொஞ்சம். அதனால் ஒரே நெபுலாவைப் பல நாள் எடுக்க வேண்டும். மகள் எட்டரைக்குத் தூங்கினால் பின்கட்டில் தொலைநோக்கியை வைத்துப் பத்தரை வரை எடுப்பேன். அடுத்த நாள் மழை. அதற்கடுத்த நாள் மகளுக்குப் பல் முளைக்கும். இப்படி ஒரு மாதம் சேர்த்த துண்டுகளைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரே ஒரு படம். அதிலும் வாயு மேகம்தான் வரும். நட்சத்திரங்களின் சொந்த நிறம் வராது, தூரத்து கேலக்ஸிகள் வராது, பால்வீதி வரவே வராது. அவள் துணி காயப்போட வந்த நேரத்தில் எடுத்தது எனக்கு ரவாங்கில் எத்தனை வருடம் இருந்தாலும் கிடைக்காது.

இந்த ஒப்பீடு புதிதில்லை. கோலா சிலாங்கூரில் இடைநிலைப்பள்ளியில் நாங்கள் ஒரே வகுப்பு. நான்காம் படிவத்தில் அறிவியல் கழகத்து ஆசிரியர் எங்களைக் குன்றின் மேல், பிறை பார்க்கும் இடத்துக்கு அழைத்துப் போனார். கடலுக்கு மேல் வானம் இன்னும் வெளுத்திருந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள்.

"அந்த மேகத்துக்கு மேல, நகம் கீறுன மாதிரி. பாத்தியா?"

"பாத்துட்டேன்," என்றேன். நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு இருவரும் சேர்ந்தே இந்தப் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டோம். நான் வேதியியல் படித்து ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். தோழி தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகி, கெர்லிங்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். மாலை ஐந்து மணிக்கு மேல் அவளுடைய நேரம் முழுவதும் அவளுடையது. நல்ல தொலைநோக்கி, நல்ல இருட்டு, கேட்க ஆளில்லை. நான் மகளை நேசிக்கிறேன் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் அவள் படம் அனுப்பும்போதெல்லாம், என்னிடம் இல்லாதவற்றை மட்டும் யாரோ பொறுக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டதுபோல இருக்கும்.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. மகளுக்குச் சளி. கோலா சிலாங்கூரில் இருக்கும் என் மாமியார் தினமும் மாலை வீடியோவில் வருவார்.

"புள்ளைக்குத் தல ஈரமா இருக்கே. சாம்பிராணி போட்டியா?"

"டாக்டர் புகை ஆகாதுன்னு சொல்றாரு அத்தை."

"எந்த டாக்டரு? ஒம்புருஷன் அந்தப் புகையிலதான் வளந்தான். இப்ப வேலைக்குப் போகாமயா கெடக்கறான்?"

போட்டால் இருமல் கூடுமோ என்று பயம். போடாவிட்டால் சளி நெஞ்சில் இறங்கி, நான் சொன்ன சொல் கேட்காததால்தான் என்றாகிவிடுமோ என்றும் பயம். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். கதவையும் சன்னலையும் சாத்தி, அறையில் முதலில் சாம்பிராணியைப் போட்டுவிடுவது. புகை நன்றாகச் சுற்றி அடங்கிய பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவது. டாக்டருக்குப் பாதி, மாமியாருக்குப் பாதி. ஐந்தாறு நாள் இப்படிச் செய்தேன். இரண்டு பேரையும் சமாளித்துவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த அறையின் மேசையில் ஆக்சிஜன் ஃபில்டர் திறந்த பெட்டியில் கிடந்தது. அதன்மேல் பனி இறங்கியிருந்ததால் காயட்டும் என்று வைத்தவள், மகளின் சளியில் அதை மறந்தே போனேன்.

மழை விட்ட ஒரு நாள் மறுபடி படம் எடுத்தபோது ஹைட்ரஜன் சரியாக இருந்தது, கந்தகம் சரியாக இருந்தது. ஆக்சிஜனில் மட்டும் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றி ஒரு மங்கல் வளையம். ஃபில்டரைக் கழற்றிச் சாய்வாக விளக்கில் பிடித்தேன். அதன்மேல், அடுப்புக்குப் பக்கத்துச் சன்னல் கண்ணாடியில் படிவதுபோல ஒரு மெல்லிய படலம். பெட்டியின் பஞ்சில் சாம்பிராணி வாசம். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். துடைத்தால் மேல்பூச்சு கீறிவிடுமோ, துடைக்காவிட்டால் படலம் ஊறிவிடுமோ என்று யோசித்து யோசித்து, பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

தைப்பூசத்துக்கு முன் கெர்லிங் தோழி அழைத்தாள். குரல் உடைந்திருந்தது.

"வீட்டுக்குப் பின்னால லோரி டிப்போலா. செம்பனைய வெட்டி, கல்லக் கொட்டி, எட்டுக் கம்பம் நட்டு லைட்டப் போட்டுட்டானுங்க. ராத்திரியில என் துணிக்கொடிக்கு நெழல் விழுதுடி."

"அடக் கடவுளே," என்றேன். வாய் அதைச் சொல்லியது. உள்ளுக்குள் வெயிலில் நடந்து வந்தவள் தண்ணீர் குடித்ததுபோல இருந்தது. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் அப்படித்தான் இருந்தது.

"இனிமே நீயும் நானும் ஒரே கேஸுதான்," என்றாள்.

தைப்பூசம் முடிந்த சனிக்கிழமை காலை, ஆவியில் வெந்த சூடான பாவ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மகளை மடியில் வைத்துக்கொண்டாள். மகள் அவள் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள்.

"ஒம் ஃபில்டர் மூணையும் கொஞ்ச நாளு குடேன்டி. பள்ளிக்கூடத்துல புது அறிவியல் அறை தொறக்கறாங்க. சுவர் நெறைய ரோஜா நெபுலா போட்டுத் தர்றேன்னு பிள்ளைங்ககிட்ட வாய விட்டுட்டேன். இப்ப இந்த லைட்டுல ஃபில்டர் இல்லாம ஒண்ணும் வராது."

ரோஜா நெபுலா என்று நாங்கள் சொல்வது, அந்த மாதங்களில் முன்னிரவில் தலைக்கு மேல் வரும் ஒரு வட்ட மேகம். சுற்றிலும் ஹைட்ரஜன் சிவப்பு, நடுவில் ஆக்சிஜனின் நீலம், அந்த நீலத்துக்குள் ஒரு கைப்பிடிப் பிரகாசமான நட்சத்திரங்கள்.

ஃபில்டரில் படலம் இருக்கிறது, துடைத்துத் தருகிறேன், ஒரு வாரம் பொறு என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையாகவே வாயெடுத்தேன். அதற்குள் அவள் மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஒங்கம்மாவுக்கு இப்ப எங்க நேரம். அலமாரியிலதானே சும்மா கெடக்குது. இல்லடி?"

நான் எழுந்துபோய் மூன்று பெட்டிகளையும் எடுத்து வந்து கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவளிடமிருந்து படம் வந்தது. நீலத்துக்கு நடுவில் இருந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றும் மழைநாளில் தெருவிளக்கைப் பார்ப்பதுபோல வளையம் கட்டியிருந்தன. உடனே அழைத்தாள்.

"ஆக்சிஜன்ல மட்டும் இப்படி வருது. ஏன்டி?"

அப்போதும் சொல்லியிருக்கலாம்.

"சில ஸ்கோப்புக்கு அந்த நெறம் ஒத்துக்காதுலா," என்றேன். "முன்கண்ணாடி சரியா உக்காரலையோ என்னவோ."

"அப்படியா? இதுல நீதான்டி பெரியாளு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இத்தனை வருடத்தில் இந்த விஷயத்தில் அவள் என்னைப் பெரியாள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. போனை வைத்த பிறகும் அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். பிறகு பயம் வந்தது. அவள் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை.

அவள் தொலைநோக்கியின் முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். துடைத்துத் திரும்ப மாட்டினாள். மாட்டியது கோணலாகிவிட்டது. இப்போது ஹைட்ரஜன் படத்திலும் நட்சத்திரங்கள் முட்டை வடிவத்தில் வந்தன. அந்தப் படங்களையும் எனக்கு அனுப்பினாள். "பரவாயில்ல, திருப்பி முயற்சி பண்ணு" என்று எழுதினேன். ஒவ்வொரு தடவையும் உண்மையைத் தட்டச்சு செய்து அழித்தேன். இப்போது சொன்னால் முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். ஒரு நாள் தள்ளத் தள்ள அந்தக் கேள்வி கனமாகிக்கொண்டே போனது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை குரல் பதிவு அனுப்பினாள். மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டேன். "நான் விட்டுட்டேன்டி. வானமும் போச்சு, ஸ்கோப்பும் போச்சு. கிள்ளான்ல ஒருத்தரு வாங்கிக்கறேன்னு சொன்னாரு. கோளாறு இருக்குன்னு சொல்லிட்டேன், பரவாயில்லங்கறாரு. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வர்றாரு. பிள்ளைங்களுக்கு வேற ஏதாச்சும் கடையில வாங்கி மாட்டிக்கறேன்."

கணவரும் கேட்டுக்கொண்டிருந்தார். "நாமளே வாங்கிக்கலாமே," என்றார். "உனக்கு அந்த ஸ்கோப்பு மேல ரொம்ப நாளா ஒரு கண்ணுதானே. கோளாறு என்னன்னு நீ கண்டுபிடிச்சிட மாட்டியா?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்காகத்தான் சொன்னார். நான் அந்தத் தொலைநோக்கி எங்கள் பின்கட்டில் நிற்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். அழகாக இருந்தது. அவளிடமிருந்து இனி படங்கள் வராது என்பதையும் சேர்த்து நினைத்தேன். அதுவும் இதமாகத்தான் இருந்தது. அந்த இதம்தான் என்னைப் பயமுறுத்தியது. மகள் வாயைத் திறந்தபடி அடுத்த கவளத்துக்காகக் காத்திருந்தாள்.

"அதுல கோளாறு இல்லைங்க," என்றேன். மீதியையும் சொன்னேன்.

அவர் கிண்ணத்தை வாங்கி மகளுக்கு அடுத்த கவளத்தை ஊட்டினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் கார எடுக்கறேன்," என்றார். "போன்ல சொல்லாத. நேர்ல சொல்லு."

கெர்லிங்குக்கு மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டே போனேன். தொலைநோக்கி கூடத்து மேசையில், வாங்க வருகிறவருக்காகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் என் மூன்று பெட்டிகள், எனக்குத் திருப்பித் தருவதற்காக ஒரு பிளாஸ்டிக் பையில். கணவர் மகளுக்கு லோரி காட்டப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

"ஸ்கோப்புல ஒண்ணும் இல்லடி," என்றேன். "ஃபில்டர்ல சாம்பிராணி."

அவள் முதலில் சிரித்துவிட்டாள். "என்னாது?"

"புள்ளைக்குப் போட்டேன். பெட்டி தொறந்து கெடந்துச்சு. புகை படிஞ்சிருச்சு."

"அட லூசு. நானும் பெட்டியத் தொறக்கறப்பல்லாம் ஒம்மக வாசம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எப்பக் கண்டுபிடிச்ச?"

நேற்று என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவளே எனக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றாள்.

"தீபாவளி முடிஞ்சு, மழ நேரத்துல. உன்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடியே."

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"நான் கண்ணாடியக் கழட்டுனப்ப?"

"தெரியும்."

"பெரியாளுன்னு சொன்னேனே, அப்பவும்?"

"அப்பவும்."

வெளியே ஒரு லோரி பின்னால் போகும்போது எழுப்பும் ஒலி கேட்டது. மகள் சிரிப்பதும் கேட்டது.

"ஏன்டி?" என்றாள்.

காரில் எழுதி அடித்த எதுவும் வரவில்லை. "உன் வானம்," என்றேன். "எனக்கு அது தாங்கல."

"என் வானமா? வாடகை வீடுலா இது." எழுந்து சன்னல் பக்கம் போனாள். எட்டுக் கம்பங்களும் அங்கிருந்து தெரிந்தன. "அது போனதும் ஒருத்தருக்குத்தான் போன் பண்ணேன். யாருக்குன்னு யோசிச்சுப் பாரு."

நான் அழுதால் அவள்தான் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்பதால் அழாமல் இருந்தேன். அவள் போனை எடுத்து, வந்துகொண்டிருந்தவரிடம், ஸ்கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, விற்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்று சொன்னாள். அவர் ஏதோ கோபமாகப் பேசினார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு மேசை விளக்கை இழுத்து என் முன்னால் வைத்தாள்.

"தொட."

கைப்பையில் கொண்டுபோயிருந்த ஆல்கஹாலையும் கண்ணாடி துடைக்கும் தாளையும் எடுத்தேன். ஒரு துளி தாளில், கண்ணாடியில் நேராக இல்லை. நடுவிலிருந்து வெளியே, ஒரே சுற்று, அழுத்தாமல். தாளை மாற்று. மறுபடி. ஆறாவது தாளில் மஞ்சள் கறை வருவது நின்றது. அறை முழுக்க ஆல்கஹாலோடு கலந்த சாம்பிராணி வாசம். அவள் ஃபில்டரை வாங்கி விளக்கில் சாய்த்துப் பார்த்தாள். ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல். அது முன்பே இருந்ததா, நான் இப்போது போட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"முன்கண்ணாடிய நான் சரிபண்ண ஹெல்ப் பண்றேன்," என்றேன்.

"வேணாம். நானே பாத்துக்கறேன்."

பிளாஸ்டிக் பையிலிருந்து மற்ற இரண்டு பெட்டிகளையும் எடுத்து மூன்றாவதோடு சேர்த்துத் தன் அலமாரியில் வைத்தாள். "படம் முடியற வரைக்கும் மூணும் இங்கதான் இருக்கும். ரோஜா நெபுலா இன்னும் எத்தன நாளைக்கு வானத்துல இருக்குன்னு உனக்கே தெரியும்."

தெரியும். அது மேற்கில் சரிந்து போய்விட்டால் எனக்கும் அந்த வருடத்து வாய்ப்பு அவ்வளவுதான். சரி என்றேன். வாசலில் மகளை வாங்கி ஒரு முத்தம் கொடுத்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

அதன் பிறகு ஐந்து வாரம் எந்தச் செய்தியும் இல்லை. மாலையில் வானம் தெளிந்திருந்தால் பின்கட்டில் போய் நின்று, கெர்லிங்கிலும் தெளிந்திருக்குமா என்று வடக்கே பார்ப்பேன். அவளுக்கு நல்லபடியாக வர வேண்டும் என்று நினைப்பேன். நினைத்துவிட்டு, அதை முழு மனதோடு நினைத்தேனா என்று திரும்ப ஒருமுறை சோதித்துக்கொள்வேன்.

ஒரு மதியம் மகள் தூங்கும்போது படம் வந்தது. புதிய அறிவியல் அறையின் சுவர் முழுக்க ரோஜா நெபுலா. அதன் முன்னால் நிற்கும் பிள்ளைகளின் தலைகள் அதன் கீழ் இதழைத்தான் எட்டின. அதோடு கணினிப் படத்தையும் தனியாக அனுப்பியிருந்தாள். ஒரே ஒரு சொல்: "பாத்தியா?"

கணினியில் திறந்து பெரிதாக்கினேன். நடு நீலத்துக்குள் போய் ஒவ்வொரு நட்சத்திரமாகப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு வளையம் இருக்காதா என்று தேடினேன். தேடுகிறேன் என்பது பாதியில்தான் எனக்கே உறைத்தது, இருந்தும் நிறுத்தவில்லை. ஓரம் ஓரமாக, கடைசி மூலை வரை போனேன். மகள் புரண்டு படுத்து மறுபடி தூங்கினாள். அந்தப் படத்தில் ஒரு குறையும் இல்லை. அது நான் இதுவரை எடுத்த எதையும் விட நன்றாக இருந்தது. என் ஃபில்டர்களில், என் வானத்தைப் போன்ற ஒரு வானத்தில் எடுத்தது.

அந்தப் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டு எழுதினேன்:

"கால் மணி நேரமா எல்லா நட்சத்திரத்தையும் பாத்துட்டேன். ஒரு வளையம்கூட இல்ல."

அவள் படித்ததற்கு நீலக் குறி விழுந்தது. பிறகு எழுதினாள்: "நீ தேடுவன்னு தெரியும். சனிக்கிழம ஃபில்டரக் கொண்டாந்து தர்றேன். இனிமே பெட்டிய மூடி வை."